பதினேழாம் எண்ணின் சந்தனப் பொட்டு

குருவம்மாளுக்கு வயது நாற்பத்து மூன்று. சாத்தூர் ரயிலடியிலிருந்து அவள் வேலை செய்யும் பட்டாசு கம்பெனி ஆறரைக் கிலோமீட்டர். ஏழு மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். தீபாவளி சீசனில் மூன்று நாள் பிந்தினால் ஆளையே மாற்றிவிடுவார்கள். அவள் ஏற்கெனவே இரண்டு நாள் பிந்தியிருந்தாள். ரயிலடியில் நிற்கும் பொதுச் சைக்கிளில்தான் போய்வருவாள்.

2025 அக்டோபர் 6, திங்கள், காலை 6.12. நான்கு நாள் விடுமுறை முடிந்து அன்றுதான் மறுபடி வேலை. அவள் கைபேசியைக் காட்டியும் எந்தச் சைக்கிளும் பூட்டுத் திறக்கவில்லை. ‘பதினேழாம் எண் ஐந்து நாளாக உங்களிடம் உள்ளது’ என்று திரை சொன்னது. ரயில் வரும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வந்த நான் பக்கத்தில் நின்றேன்.

“புதன்கிழமையே விட்டுட்டேன் அண்ணாச்சி! பூட்டு டக்குன்னு விழுந்துச்சே!”

சைக்கிள் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் நிஜாம் மறுத்துத் தலையாட்டினார். “முன்னெல்லாம் சைக்கிள் காணாமப் போனா ஒரு நிலையம் இன்னொண்ணைக் கைகாட்டும். இப்ப பிளாக்செயின்க்கா. ஆறு நிலையத்துலயும் ஒரே பதிவு. ஒருத்தர் அழிச்சா மத்த அஞ்சும் ஒத்துக்காது.”

“அப்ப ஆறும் சேந்து பொய் சொல்லுது.”

ஆறு பதிவும் ஒன்றுபோலத் தவறுமா? எனக்கு அதுதான் விளங்கவில்லை. வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் நின்றது பதினேழு. கைப்பிடியின் கீழிருந்த கட்டம்போட்ட கியூஆர் குறியீட்டை மறைத்து அப்பியிருந்த சந்தனம், நடுவே குங்குமம்.

“யாரு வேலை இது, அக்கா?” என்றார் நிஜாம்.

“ஆயுத பூஜைல்லா! சோறு போடுற வண்டி. பொட்டு வைக்க நல்ல எடமா இருந்துச்சு.”

“தூணுல இருக்குற கேமரா அதைப் படம் புடிச்சாத்தான் விட்டதாப் பதிவாகும்! இன்னிக்குத்தான் கொண்டாந்தீகளோ என்னமோ?”

பின்சக்கரத்துக்கும் பூட்டுத் தூணுக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. காட்டினேன். நிஜாம் அதைப் படம் எடுத்து, சந்தனம் குறியீட்டை மறைத்துவிட்டது என்று பழைய வரியின் கீழே திருத்தம் எழுதி அனுப்பினார். ஆறில் நான்கு நிலையங்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். 6.26க்கு மூன்று. குருவம்மாள் ரயிலடிக் கடிகாரத்தையே பார்த்தாள். 6.29க்கு நான்காவதாக இருக்கன்குடி நிலையம் ஒப்புக்கொண்டது.

“பழைய வரி போயிருச்சா?”

“போகாதுக்கா. அதுவும் இருக்கும், திருத்தமும் இருக்கும்.”

“சந்தனம் வச்சதும் ஆறு ஊர்லயும் இருக்குமா?”

“இருக்கும்.”

“இருக்கட்டும். பூஜை போட்டதுதானே.”

முந்தானையை நனைத்துக் குறியீட்டைத் துடைத்தாள். விரலில் ஒட்டிய குங்குமத்தைச் சைக்கிள் மணியில் வைத்துவிட்டு 6.31க்குக் கிளம்பினாள்.