தேதி போடாத நோட்டீஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். இன்று பிள்ளையார் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவும் அங்கேயே இருந்ததால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் மாமாவிடம் போய்விடுவேன். அம்மாவின் தம்பி. வில்லியனூர் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருந்தார்.

மாமா ஒரு வித்தை செய்து வைத்திருந்தார். திரையில் ஒரே பக்கம். அதில் நீல நிறத்தில் அடிக்கோடு போட்ட பெயர்கள். காதுகுத்து, கல்யாணம், கடைத்திறப்பு என்று யார் வீட்டு நோட்டீசோ அவர்கள் பெயர். பெயர்மேல் மவுசை வைத்து இரண்டு தட்டு தட்டினால், ஃபைலைத் திறக்காமலே பிரிண்டரில் தாள் வந்துவிடும். “இன்னாபா, உள்ள ஆள் உக்காந்துக்கினு இருக்கானா?” என்று பால்காரர் ஒருவர் மேசைக்கு அடியில் குனிந்தே பார்த்தார்.

முதல் தாள் எப்போதும் சாமிக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் கொடுத்துவிட்டு வருவது என் வேலை.

ஒருநாள் சாயங்காலம் மாமா போன் பேச வெளியே போயிருந்தார். பட்டியலின் கடைசியில் புதிதாக ஒரு பெயர். நான் படித்தது இங்கிலீஷ் மீடியம்; தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் அப்பா பெயர் தெரியாமல் போகுமா? இரண்டு தட்டு தட்டினேன். கறுப்புக் கட்டத்துக்குள் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். கல்யாண போட்டோவில் இருந்த முகம். அப்பாவுக்கு ஏதோ விசேஷம், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று நினைத்து, மஞ்சள் தடவி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பூசாரி வாங்கிப் பார்த்தார்.

“யாரு பாப்பா குடுத்தது?”

“அதுவா வந்துச்சு. எங்கப்பா.”

“தேதி போடலியே...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், தாளை மடித்துப் பிள்ளையாரின் பீடத்துக்கு அடியில் சொருகினார். “சாமிகிட்டயே இருக்கட்டும். நீ போ.”

அதற்குள் மாமா ஓடிவந்துவிட்டார். பளாரென்று ஓர் அறை. அவர் என்னை அடித்தது அந்த ஒரு முறைதான். உடனே கட்டிப்பிடித்துக்கொண்டு, “உங்கம்மாகிட்ட சொல்லிடாதடி” என்று அழுதார். கலர் மை வீணாகிவிட்டதே என்று அழுகிறார் போல என்று நினைத்தேன்.

“அழாத மாமா. இன்னொண்ணு தட்டித் தரேன்” என்றேன்.

அவர் இன்னும் அழுதார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அப்பா நடந்தே வீட்டுக்குள் வந்தார். இன்றைக்கும் கழனிக்குப் போய்வருகிறார். மாமா என் கல்யாணத்துக்குப் பிறகுதான் வாய் திறந்தார்: “டாக்டர் நம்பிக்கை இல்லன்னுட்டாருடி. அந்த நேரத்துல உங்கப்பா மூஞ்சிய ஸ்கிரீன்ல பாத்துக்கினு என்னால டைப் பண்ண முடியுமா? அதான் அஞ்சலி நோட்டீச முன்னாடியே செஞ்சி வச்சேன். பாக்காம தட்டிட்டு, தேதிய யாரையாவது கையால எழுதச் சொல்லிட்டுப் போயிடலாம்னு.”

அப்பாவைக் காப்பாற்றியது பிள்ளையார்தான் என்று நான் நம்புகிறேன். நம்பாதவர்களும் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் எழுதியபடியே சொல்லுங்கள். மாமா செய்தது தப்பு என்று மட்டும் யாரும் ஒரு வரி சேர்த்துவிட வேண்டாம். அன்றைக்கு நான் இன்னொரு தாள் தட்டித் தருகிறேன் என்று சொன்னபோதுகூட, அவர் என்னை இரண்டாவது அறை அறையவில்லை.