படப்பைக் கடைக்குப் போட்ட நிழல்

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் சின்ன மென்பொருள் ஆபீஸ். எனக்கு அங்கே தற்காலிக வேலை. "படப்பை கஸ்டமர் டெமோ ஓகே ஆச்சுன்னா உன்ன கன்ஃபர்ம் பண்ணிடலாம்மா" என்று டீம் லீடர் சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

படப்பைக்காரர் மரச்சாமான் கடை வைத்திருந்தார். கடையில் இருந்த மேக் கணினியில் கட்டில், பீரோ படங்களை அட்டை அட்டையாகக் காட்ட வேண்டும். அட்டைக்கு அடியில் லேசாக நிழல் விழுந்தால் எடுப்பாக இருக்கும் என்று டீம் லீடர் ஆசைப்பட்டார்.

நிழல் போட்டேன்; தெரியவில்லை. அட்டையின் மூலைகளை வளைப்பதற்காக, ஓரத்தைத் தாண்டுவதையெல்லாம் வெட்டும்படி புரோகிராமில் எழுதியிருந்தேன். நிழல் ஓரத்தைத் தாண்டித்தானே விழும், அதுவும் வெட்டுப்பட்டது. படத்தை உள்ளே ஒரு பெட்டியிலும் நிழலை வெளியே இன்னொரு பெட்டியிலுமாகப் பிரித்தேன். இப்போது நிழல் வந்தது, ஆனால் அட்டைக்கு மேலே. அதுவரை நான் எழுதியதெல்லாம் ஃபோன் ஆப். அங்கே திரையில் உயரத்தை மேலிருந்து கீழே கணக்கிடுவார்கள். மேக்கில் கீழிருந்து மேலே. ஃபோனிலிருந்து வருகிற எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் அது. நிழலின் அளவுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டதும் நிழல் கீழே இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டெமோவுக்கு நானும் டீம் லீடரும் என் மேக் லேப்டாப்பையே கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒரு கட்டில் படத்துக்குக் கீழே அழுத்தித் துடைத்தார்.

"இன்னாம்மா, எல்லாத்துக்கும் கீய அழுக்கா கீது?"

"சார், அது ஷேடோ. அழகுக்காகப் போட்டது."

"புது சாமான் விக்கிற கடைம்மா. தூசி படிஞ்ச மாறி இருந்தா எவன் வாங்குவான்? எடுத்துடு."

டீம் லீடர் என்னைப் பார்த்தார். எரிச்சலாகத்தான் வந்தது. நிழலுக்காக எழுதிய வரிகளை புரோகிராமிலிருந்து அழித்துவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டினேன்.

"இப்பதான் சுத்தமா கீது" என்றார் கடைக்காரர்.

வெளியே வந்ததும் டீம் லீடர் சிரித்தார். "ஆர்க்யூ பண்ணாம எடுத்துட்ட பாரு, அதுதாம்மா வேணும். நீ கன்ஃபர்ம்."

வீட்டில் அம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "அப்படி என்னடி செஞ்ச? எனக்கும் காட்டு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். லேப்டாப்பைத் திறந்தேன். கட்டிலும் பீரோவும் இருந்தன. நான் பெருமைப்பட்ட நிழல் மட்டும் அதில் இல்லை.