ஊறாத மீஹூன்

அலோர் காஜா பாசாரில், மீன் கடைக்கு முன்னால் அம்மாவின் ஒரு சிலிப்பர் கழன்று கிடந்தது. அம்மா அதை விட்டுவிட்டுக் காய்கறிக் கடைவரை போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்காதான் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

"என்ன லா, ஒத்தச் சிலிப்பரோட ஊர்வலமா?"

அம்மாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஈரத் தரையில் வெறுங்கால் பட்டதே அவருக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். செல் எப்படி இரண்டாகப் பிரிகிறது என்பதுதான் என் ஆய்வு. செல்லுக்குள் நுண்குழல்கள் என்று மெல்லிய இழைகள் உண்டு. பிரியும் நேரத்தில் அவைதான் மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கிடும். அவற்றில் ஒட்டும் புரதங்களில் சில இழையை நீட்டும், சில கலைக்கும். அந்த இழுபறி சரியாக இருந்தால்தான் பிரிவு நடக்கும். அம்மாவின் மார்பகப் புற்றுக்குக் கொடுத்த மருந்தும் அதே இழைகளில்தான் ஒட்டுகிறது. கலையவிடாமல் விறைக்க வைக்கும். புற்றுச் செல் பிரிய முடியாமல் சாகும்.

முதல் ஊசிக்கு அம்மா பயந்தபோது, அடுப்படியில் இருந்த மீஹூனை, அந்தக் காய்ந்த அரிசிச் சேமியாவை, எடுத்துக் காட்டித்தான் விளக்கினேன். ஊறினால் இது வளையும், மருந்து ஊறவிடாது, இப்படியே விறைப்பாக நிற்கும் என்றேன். அம்மா தலையாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

நரம்பைப் பற்றிச் சொல்லவில்லை. நரம்புச் செல் பிரிவதில்லை. ஆனால் விரல் நுனிவரை சரக்குப் போகும் பாதை அதே இழைகள்தான். மருந்து அங்கேயும் ஒட்டும், விரல்கள் மரத்துப்போகலாம். பயப்படுவாரே என்று விட்டுவிட்டேன்.

பாசாரிலிருந்து திரும்பியதும், காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டேன். கை, கால் விரல்கள் மரத்து வெகுநாளாகிறது என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்பவர் போல.

"கெபாஸ் இருக்கா, மரத்துப்போகுதான்னு நர்ஸ் ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க. இல்லன்னுடுவேன். நீ காட்டுன மீஹூன் மாதிரி விறைச்சாத்தானே தம்பி மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம்? இருக்குன்னு சொன்னா கொறச்சிருவாங்க."

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானே சொன்னேன். அவர் அம்மாவின் விரல்களைத் தொட்டுச் சோதித்துவிட்டு மருந்தின் அளவைக் குறைத்தார். இன்னும் மறைத்திருந்தால் உணர்ச்சி திரும்பாமலே போயிருக்கலாம் என்றார்.

பஸ்ஸில் வரும்போது அம்மா, மரத்துப்போவதற்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லையா என்று கேட்டார். இல்லை, ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றேன்.

"அதுவரைக்கும் மருந்து வேல செய்யுதான்னு நான் எப்படிப்பா தெரிஞ்சுக்கிறது?"

அம்மா கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டே வந்தார். எங்கள் ஸ்டாப் வந்ததும், குனிந்து இரண்டு சிலிப்பரும் காலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்.