இருதயம்மாள் சாத்திய கதவு

ராயப்பன்பட்டியில் இருதயம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. கோயிலில் யாராவது ஜெபத்தில் ஒரு சொல்லை முழுங்கிவிட்டால் போதும், அங்கேயே நிறுத்தி முதலிலிருந்து சொல்ல வைப்பாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் ஞானோபதேசம் முழுவதும் மனப்பாடம். "உபதேசியார் வேலைய இவகிட்டக் குடுத்துட்டு அவரு களையெடுக்கப் போகலாம்" என்பான் அவள் புருஷன் அருளப்பன். கேலிதான். அவள் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ராக்கம்மாள் கும்பிடுவது வேறு சாமி. ஆனாலும் இருவரும் ஒரே வருஷம் வாக்கப்பட்டு வந்தவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர்கள், ஒருத்தி வீட்டுக் குழம்பு மற்றவள் வீட்டுக் கஞ்சிக்குப் போகாத நாள் கிடையாது. இருதயம்மாளுக்குப் பிள்ளை இல்லை. ராக்கம்மாளுக்கு ஏழு வருஷம் கழித்துத் தங்கபாண்டி பிறந்தான். பாதி நேரம் அவன் இருதயம்மாள் இடுப்பில்தான் இருந்தான். "பெத்தவ நானு, வளக்குறவ இவ" என்று ராக்கம்மாள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அவனுக்குப் பதினோரு மாசம் ஆகும்போது மாந்தம் கண்டது. மூன்றாம் நாள் உச்சி வேளையில் கண் செருக ஆரம்பித்தது. ஆண்கள் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். "பிள்ளையப் பாத்துக்கத்தா, பூசாரிகிட்டத் துன்னூறு வாங்கிட்டு ஓடியாறேன்" என்று ராக்கம்மாள் ஓடினாள்.

அவள் தெருவைத் தாண்டியிருக்க மாட்டாள், பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. இருதயம்மாளுக்கு உபதேசியார் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் இல்லாத இடத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், தலையில் தண்ணீர் ஊற்றி மந்திரத்தைப் பிசகாமல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ஒரு செம்புத் தண்ணீரோடு பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள்.

பாதி சொல்லும்போது கதவு தட்டும் சத்தம் கேட்டது. "இருதயம், கதவத் தெற!"

திறந்தால் பெற்றவள் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வாள், காரியம் பாதியில் நின்றுவிடும். "இருத்தா, வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவசரத்தில் ஒரு வார்த்தை பிசகியது. ஊராரைத் திருத்தியே பழகிய நாக்கு, சும்மா விடுமா? மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். வெளியே ராக்கம்மாள் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டபடி கதவை அடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை மந்திரம் சுத்தமாக வந்தது. எழுந்து தாழை எடுத்தபோது பிள்ளையிடம் மூச்சு இல்லை.

"கதவ ஏன்டி சாத்துன?"

"பிள்ளைக்குக் காத்துப் படக் கூடாதுன்னு."

"தலை ஏன் ஈரமா இருக்கு?"

"காய்ச்சல் கொதிச்சுச்சு. ஈரத்துணி போட்டேன்."

ராக்கம்மாள் நம்பினாள். நம்பியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், "எங்கையில போகலைன்னாலும் இருதயம் மடியில போனான். பெத்த மடி மாதிரித்தான்" என்று சொல்லி அழுதாள். அதைக் கேட்கும்போதெல்லாம் இருதயம்மாளுக்கு உடம்பு கூசியது.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "இதில் பாவம் எங்கே இருக்கிறது, மகளே? ஓர் ஆத்துமாவை மோட்சத்தில் சேர்த்திருக்கிறாய்."

"கதவத் தெறக்கலையே சாமி. பெத்தவ வெளிய நின்னாளே."

"அற்பத் துயரம். அதை மறந்துவிடு" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் பாராட்டு கிடைத்தால் மனுஷி எங்கே போவாள்? அதற்குப் பிறகு கோயிலில் யார் எந்தச் சொல்லை முழுங்கினாலும் இருதயம்மாள் வாய் திறக்கவில்லை. இவளுக்கு என்ன வந்தது என்று ஊர் ஆச்சரியப்பட்டது.

நாலு வருஷம் போனது. மலைமேல் அணை கட்டும் வேலைக்குப் போன அருளப்பனைக் குளிர்காய்ச்சலோடு கூடலூர் வழியாகக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். ராக்கம்மாள் தன் வீட்டு அடுப்பை மறந்துவிட்டு இங்கேயே கிடந்தாள். ஆறாம் நாள் காலையில் இருதயம்மாள் கிணற்றடியில் நின்றபோது தெருவே அதிர ஒரு சத்தம் கேட்டது.

"இருதயம்! குடத்தப் போட்டுட்டு ஓடியா! ஓடியாடி!"

தலைமுடி அவிழ்ந்தது கூடத் தெரியாமல் ராக்கம்மாள் தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். இருதயம்மாள் ஓடினாள். அருளப்பன் அவளைப் பார்த்தான், "வந்துட்டியா" என்றான், அவள் கையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தான்.

அந்த ஒரு சொல் தனக்குக் கிடைத்தது யாரால் என்று அவளுக்குத் தெரியும். புருஷனைப் பறிகொடுத்த துக்கத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. அவன் போன எட்டாம் நாள், ராக்கம்மாள் கஞ்சி கொண்டுவந்து வைத்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தண்ணீர், தாழ், மூன்று தடவை சொன்ன மந்திரம், ஈரத்துணி என்ற பொய், ஒன்றையும் மறைக்கவில்லை.

ராக்கம்மாள் எழுந்து போனாள்.

ஒரு மாசம் வரவில்லை. கிணற்றடியில் பார்த்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இருதயம்மாள் கூப்பிடவில்லை, கூப்பிடத் தனக்கு வாய் ஏது என்று இருந்தாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் ராக்கம்மாளே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"தண்ணி ஊத்துனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஒஞ்சாமி பாத்துக்கிட்டா பாத்துக்கட்டும். ஆனா நான் வாசல்ல நின்னேனேடி."

"நின்ன."

"கடைசில அவன் எப்புடி இருந்தான்? அதப் பாத்த கண்ணு ஒன்னோடதுதான். வேற யாருகிட்டப் போயிக் கேப்பேன்? சொல்லு."

நல்லதாக ஒரு பொய் சொல்ல இருதயம்மாளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

"எம் மொகத்தப் பாக்கல. நீ கத்துனப்பக் கண்ண முழிச்சுக் கதவப் பாத்தான். பாத்துக்கிட்டே இருந்தான்."

"எஞ்சத்தம் கேட்டுச்சா அவனுக்கு?"

"கேட்டுச்சு."

ராக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள். "அப்ப நான் வந்துட்டேன்னு தெரிஞ்சுதான் போயிருக்கான்."

இருதயம்மாளால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ராக்கம்மாள் அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.