பாம்பேர்க்கில் ஒரு கிண்ணம் ஜப்பான்

கால் விறைத்துப் போனாலும் முகம் சிரிக்க வேண்டிய தொழில் எங்களுடையது. நாள் முழுக்கக் கடைக் கவுண்டரில் நின்று சிரித்தவர்களுக்கு இந்த வேதனை விளங்கும். நாங்கள் முழங்காலை மடித்து உட்கார்ந்து சிரிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மனியில், பாம்பேர்க் பழைய நகரத்தில், ஆற்றோரத்து வீடொன்றில், யூக்கோ என்ற என் வயதுக்காரி ஜப்பானியத் தேநீர்ச் சடங்கு நடத்துகிறாள். சுற்றுலா வருகிறவர்களுக்குக் கிமோனோ உடுத்தி, பாயில் இருத்தி, பச்சைத் தேநீர் கொடுப்போம். யாழ்ப்பாணத்துக்காரியான நான் பேக்கரி வேலையை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். உடுத்திவிடுவதும் விளக்கம் சொல்வதும் கழுவுவதும் என் பங்கு. விருந்தினருக்கு முன்னால் இருந்து தேநீர் கலக்குவது யூக்கோ மட்டும். கலக்கும் முறையெல்லாம் எனக்குக் காட்டித் தந்தாள், ஆனால் என்னைப் பாயில் இருத்தத் தயங்கினாள். "சனம் ஜப்பானைப் பாக்க வருது" என்பாள். ப்ரோபெற்சைற் என்கிற சோதனைக் காலம் முடியும்போது முடிவு சொல்வதாக ஏற்பாடு. எனக்கோ அந்தப் பாயின் மேல் ஒரே ஆசை. கிடைக்காவிட்டால் திரும்பவும் பேக்கரிதான்.

சப்பாத்து

வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னால் எங்கள் ஆட்கள் சொல்ல முதலே கழற்றிவிடுவார்கள். ஒரு ஜெர்மன்காரர் மட்டும் மலையேறுகிற சப்பாத்தோடு அசையாமல் நின்றார். காலுறையில் ஓட்டை இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாகக் கழற்ற வைத்தேன். ஓட்டை இருந்தது, பெருவிரல் முழுதாக வெளியே எட்டிப் பார்த்தது. அவருடைய மனைவி பெருமூச்சு விட்டார்: "கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் சொல்லிக் கேளாத மனிசன், இங்க காசு குடுத்துக் கழட்டுறார்."

பின்

மியூனிக்கிலிருந்து வசந்தி என்றொரு தமிழ் அக்கா குடும்பத்தோடு வந்தார். கிமோனோவில் இடப்பக்கம் மேலே வர வேண்டும். மாறிப் போனால் அது பிரேதத்துக்கு உடுத்துகிற முறை. நான் கவனமாக மடித்து, நாடாவால் இறுக்கிக் கட்டினேன். அக்கா குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார், முகம் தெளியவில்லை. சேலை கட்டிப் பழகிய மனம் நாடாவை நம்புமா? கடைசியில் கைப்பைக்குள்ளிருந்து ஒரு கொத்து சேஃப்டி பின்னை எடுத்து நீட்டினார்: "தங்கச்சி, இதில நாலைஞ்சு குத்தி விடுங்கோ. அவிண்டால் ஜப்பான்ர மானமும் போகும், எங்கட மானமும் போகும்."

எச்சில்

அன்றைக்கே அடுத்த கண்டம். கெட்டித் தேநீரை ஒரே கிண்ணத்தில் கலந்து எல்லாரும் ஒவ்வொரு வாய் குடிப்பதுதான் சடங்கின் உச்சம். யூக்கோ கிண்ணத்தை முதலில் வசந்தி அக்காவின் கணவரிடம் கொடுத்தாள். எச்சில் படுத்திய கிண்ணத்தை மற்றவர்களுக்கு எப்படிக் கொடுப்பது? மனிதர் பண்பாகத் தலையை அண்ணாந்து, கிண்ணத்தை உயரத் தூக்கிச் சரித்தார்.

கெட்டித் தேநீர் லேசில் வராது. அவர் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். யூக்கோ என்னைப் பார்த்தாள். வாய் வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று முன்பே விளக்கம் சொல்ல வேண்டியவள் நான்தான். என் பாய் போயிற்று, இனிப் பேக்கரிதான். அவர் ஒரு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார்: "பிள்ளை, இது தேத்தண்ணியோ, களியோ? இறங்க மாட்டன் எண்டு நிக்குது."

ஜப்பான்காரர்

ஒருநாள் யூக்கோவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் என்னைப் பாயில் இருத்திவிட்டு, அவள் கதவோரம் இருந்தாள். வந்தவர்கள் ஒரு ஜெர்மன் அம்மாவும், எர்லாங்கனில் எஞ்சினியராக இருக்கும் ஒரு ஜப்பான்காரரும். ஜப்பான்காரருக்கே நான் ஜப்பானியத் தேநீர் கலக்குவதா? கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையல்லவா?

கலக்கினேன், குனிந்தேன், கிண்ணத்தைத் திருப்பி வைத்தேன். அவர் கண் என் கையை விட்டு அசையவில்லை. பிழை பிடிக்கிறார் என்றே நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன்: அந்த ஜெர்மன் அம்மா கிண்ணத்தைத் திருப்பினால் அவரும் திருப்பினார், அம்மா குனிந்தால் அவரும் குனிந்தார். முடிந்ததும் கூச்சத்தோடு சொன்னார்: "நான் ஏதும் பிழை விட்டிருந்தால் மன்னிக்க வேணும். ஊரில இதுக்கெல்லாம் எனக்கு நேரம் கிடைக்கேல்லை. இண்டைக்குத்தான் முதல் தரம்."

கதவோரத்தில் யூக்கோ சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவர்கள் போன பின் கிண்ணங்களை எடுக்கக் குனிந்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, இல்லாத குரலில் சொன்னாள்: "விடு, நான் கழுவுறன். நாளைக்கும் நீதான் பாயில."

யாழ்ப்பாணத்தாள் கலக்க, ஜெர்மன்காரியைப் பார்த்து ஜப்பான்காரர் குடிப்பதைத்தான் எங்கள் தொழிலில் அசல் பாரம்பரியம் என்று சொல்லி விற்கிறோம்.