தகடு எடுத்த குழியில் சுடுமல்லி

அந்தப் பூவைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஒரு சாண் உயரச் செடி, சொரசொரப்பான ஒல்லி இலை, மூக்குத்தி அளவில் வெள்ளைப் பூ. கல்யாணமாகிப் பெரம்பலூர்ப் பக்கத்துச் செம்மண் காட்டு ஊருக்கு நான் வந்தது எழுபதுகளின் கடைசியில். எங்கள் சோளக்கொல்லையில் அதை முதலில் பார்த்தபோது, அட, அழகாயிருக்கிறதே என்றுதான் நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

கொல்லை இரண்டு பங்கு. மேல்பங்கு எங்களுடையது. கீழ்ப்பங்கு என் ஓரகத்தியுடையது, அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அண்ணன் பாம்பு கடித்து இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளையில்லை. தனியாளாகப் பாடுபட்டாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். என் மாமியார் சீக்கிரமே போய்விட்டதால் என் வீட்டுக்காரரைச் சின்ன வயதிலிருந்து சோறூட்டி வளர்த்தது அவள்தான். "ஒம் புருசனுக்குச் சளி புடிச்சா மொளவு ரசம் வெச்சுக் குடுத்துரு. இல்லன்னா ஊரையே கூட்டிருவான்" என்று என்னிடம் கேலி பேசுவாள். என் தலைப்பிரசவத்தில் வலி தாங்காமல் நான் கடித்த தழும்பு அவள் முன்கையில் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை குறைவில்லாமல் பெய்தது. மண்ணைக் கிள்ளினால் ஈரம். அப்படியும் சோளம் வாடியது. இலை சுருண்டது, பழுத்தது, கதிர் தள்ளாமல் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிட்டது. மழையில்லாமல் பயிர் வாடுவதை அந்த ஊர் பரம்பரையாகப் பார்த்திருக்கிறது. ஈரத்தில் நின்று வாடுகிற பயிரைப் பார்த்ததில்லை. அதனால் ஊருக்கு ஒரே காரணம்தான் தோன்றியது, செய்வினை. வைத்தது யார் என்று தேடவும் சிரமமில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, பக்கத்துப் பங்குக்காரி. இதைவிட வசதியாக வேறு யார் கிடைப்பார்கள்?

என் வீட்டுக்காரர் முதலில் நம்பவில்லை. டீக்கடையில் நாலு நாள் கேட்ட பிறகு நம்பினார்.

"அக்கா கொல்லையிலயுந்தான் வாடிக் கெடக்கு. தனக்குத்தானே யாராச்சும் வெச்சுக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"வெச்சது திருப்பி அடிச்சிருக்கும்" என்றார்.

நல்ல நியாயம். வாடாமல் இருந்தால் அவள் வைத்தாள், வாடினால் அவள் வைத்தது திரும்பியது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். எங்கள் வீட்டில் ஊர்வாய் அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

தகடு எடுக்கிற ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மண்ணுக்குள் புதைத்த மந்திரத் தகட்டை மோப்பம் பிடித்து எடுப்பவராம். காலை வெயிலில் ஊரே வரப்பில் நின்றது. அக்காவும் தன் பங்கில் களைக்கொத்தோடு நின்றாள். அந்த ஆள் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றினார். அக்காவின் வரப்பு ஓரமாக வந்ததும் நின்றார். "இங்க வெட்டுங்க" என்றார். மண்வெட்டி நாலு போடு போட்டது. குழிக்குள் கையை விட்டு ஒரு செப்புத் தகட்டை எடுத்துத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் ஐயோ என்றார்கள். எங்கள் மண் சிவப்பு. தகட்டில் ஒட்டியிருந்தது கரிசல் மண். அதை நான் சத்தமாகவே சொன்னேன். பொம்பளை பேச்சு யார் காதில் விழும்?

என் வீட்டுக்காரர் வரப்பைப் பார்த்துத் திரும்பினார். "சோறு போட்ட கையாலயே இதையும் வெச்சீங்களா அண்ணி?" என்றார். அழுதுகொண்டுதான் கேட்டார், அதுதான் கொடுமை. அக்கா களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கே இவர் பொதுக்கிணற்றுக்குப் போகிற தடத்தில் முள் வெட்டிப் போட்டார். அந்தத் தடம் எங்கள் பங்கு வழியாகத்தான் போகும். இனி அவள் குடிக்கிற தண்ணீருக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போகவேண்டும்.

கூட்டம் தகட்டின் பின்னால் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் குழியைக் காலால் தள்ளி மூடப் போனேன். வெட்டிப் போட்ட ஒரு மண்கட்டியில் சோளத்தட்டை ஒன்று வேரோடு கிடந்தது. பக்கத்தில் அந்த வெள்ளைப் பூச்செடி. கட்டியைக் கையில் எடுத்து உதிர்த்தேன். பூச்செடியின் தண்டு மண்ணுக்குள் போகப் போக வெளுத்து, சோளத்தின் வேரில் போய் ஒட்டியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், பால் குடிக்கிற குட்டி மாதிரி விடவில்லை. இன்னொரு செடியைத் தோண்டினேன். அதுவும் அப்படித்தான்.

ஈரத்துணியில் அந்த மண்கட்டியைச் சுற்றி மறுநாள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். "களைப்பூண்டு வேற, தகடு வேற" என்றார். "சரி, ரெண்டும் இருக்கட்டும். டவுன்ல விவசாய ஆபீஸ்ல காட்டிட்டு வந்துருவோம். இல்லன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்" என்றேன். பஸ் ஏறினோம்.

ஆபீசர் துணியைப் பிரித்ததுமே தெரிந்துகொண்டார். "சுடுமல்லிங்க. சோள வேர்ல ஒட்டி உறிஞ்சும். மண்ணுக்கு மேல பூக்குறதுக்குள்ள, கீழ பாதி வேல முடிஞ்சிரும். வெத மூக்குப்பொடி மாதிரி இருக்கும், கண்ணுக்கே தெரியாது. சோள வேர் பக்கத்துல வர்ற வரைக்கும் வருசக்கணக்கா மண்ணுலயே கெடக்கும்." பிறகு கேட்டார், "போன வருசம் புடுங்குன பூண்டையெல்லாம் எங்க போட்டீங்க?"

"குப்பைக்குழியிலங்க சார்" என்றார் இவர். ஒரு புல்லைக்கூட வீணாக்காத மனுஷன். எங்கள் எருக்குழிதான் ஊரிலேயே பெரியது, அதில் அவருக்குத் தனிப் பெருமை. பூண்டின் விதையும் கலந்த அந்த எருவைத்தான் கொல்லை முழுக்க இறைத்திருந்தார். மழைத் தண்ணீர் வரப்பை உடைத்து அதைக் கீழ்ப்பங்குக்கும் கொண்டுபோனது. அக்காவின் சோளத்தைக் கெடுத்தது யார் என்று ஆபீசர் சொல்லவேண்டியதே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலமே முள்ளை எடுத்துப் போட்டார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார். நான் அக்காவிடம் ஓடினேன். காய்ந்த தட்டையை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பூண்டுதான்க்கா. ஆபீசரே சொல்லிட்டாரு. வூட்டுக்கு வாங்கக்கா."

"நான் ஒண்ணும் வெக்கலன்னு எனக்குத் தெரியும். அத எனக்கு எதுக்குப் புள்ள ஆபீசர் சொல்லணும்?" என்றாள். அரிவாளைக் கீழே வைத்தாள். "அந்தப் பூண்டு ஒங்கண்ணுல படாமப் போயிருந்தா, இன்னைக்கு நான் யாரு?"

அவள் மறுபடியும் அறுக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் பருத்திக்கு மாறினோம். சுடுமல்லி போகவில்லை. எங்கே போனாலும் கொல்லை ஓரம் குனிந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கம்பங்கொல்லையில் இருக்கும், எறையூர்ப் பக்கம் கரும்பிலும் பார்த்திருக்கிறேன். சத்துப்போன மேட்டு நிலம்தான் அதற்குப் பிடிக்கும், தண்ணீர் கட்டி நிற்கிற நெல்வயலில் கிடையாது. அழிந்துவருகிற செடிகளைப் பற்றி ரேடியோவில் பேசினால் காது கொடுத்துக் கேட்பேன். என் பூ அதில் வராது. அதைக் காப்பாற்ற ஒருவரும் வேண்டாம்.

அக்கா மட்டும் கடைசிவரை ஏரிக்கரைக் கிணற்றுக்கே போனாள். தடத்தில் புல் முளைத்தது. அவள் சோளத்தை விடவில்லை, தின்கிறதற்கு அதுதானே அவளுக்கு. கார்த்திகை பிறந்தால் என் வீட்டுக்காரர் அவள் பங்கில் இறங்குவார். பூப்பதற்கு முன்னால் சுடுமல்லியை ஒவ்வொன்றாகக் குனிந்து பிடுங்கி, வரப்பில் குவித்துக் கொளுத்துவார். அவள் தடுக்கவில்லை. பக்கத்திலேயே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிடுவாள். இவர் எட்ட நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை.