ஐலாவை மனப்பாடம் செய்த கற்றை

பதினோரு வருடமாக ஐலா சம்பளம் வாங்குவது நடப்பதற்கு. ஆறே உறைந்துபோகும் வடக்கு நகரமான ஓவுலுவில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஊரில் பாதிப் பேர் கைப்பேசிக் கோபுரத்தை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். பனிக்காலமென்றால் பனியில் சறுக்கும் உதைசறுக்கு வண்டியின் இருக்கையில் சிக்னலை அளக்கும் பெட்டியைக் கட்டி, அதன் மேல் ஒரு கைப்பேசியை நிறுத்தி, ஒற்றைக் காலால் உந்திக்கொண்டே போவாள். கூரைமேல் இருக்கும் ஆன்டெனா டார்ச் வெளிச்சம் மாதிரி ஒல்லியான ஒரு அலைக் கற்றையை அந்தக் கைப்பேசிமேல் விடாமல் பாய்ச்ச வேண்டும். தப்பினால் இணைப்பு அறுந்துபோகும். எங்கே அறுந்தது என்று குறித்து வருவதுதான் அவள் வேலை.

ஆளைத் தொலைத்த கற்றை அறுபத்துநாலு திசையிலும் துழாவித்தான் மறுபடி பிடிக்கும். அந்தத் துழாவலே வேண்டாம் என்று ஆய்வுக் குழுத் தலைவன் வெர்னெரி ஒரு மென்பொருள் எழுதினான். முப்பது வயதுக்காரன். ஐலா கொண்டுவந்த அளவுகளையெல்லாம் அதற்கு ஊட்டி, அடுத்த நொடி கைப்பேசி எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே ஊகிக்க வைத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி! ஆபீசில் கேக் வெட்டினார்கள்.

"இனிமே நீ நடக்கவே வேணாம், ஐலா. ஏப்ரலோட களச்சோதனைய முடிச்சுக்கறோம்," என்றான் வாயில் கேக்கோடு. ஏதோ விடுமுறை கொடுக்கிற மாதிரி! ஐம்பத்தேழு வயதில் அவளை வேறு எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்?

"கைப்பேசிய வேற யார் கையிலயாவது கொடுத்துப் பாத்தியா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? அதான் பதினோரு வருஷ அளவு இருக்கே."

"அது பூரா நான் ஒருத்தி நடந்தது!"

"அதனால என்ன? அவ்வளவும் சுத்தமான அளவு."

வேறு ஆட்களை வைத்தும் சோதிக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில்: நன்றி, கவனத்தில் கொள்கிறோம். இவர்களிடம் சொல்வதும் ஒன்றுதான், சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்றுதான் என்று அலுத்துப்போனது.

மார்ச் மாதத்தில் கடைசிச் சோதனை வந்தது. கற்றை எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்டும் திரையைக் கையில் பிடித்துக்கொண்டு வெர்னெரியும் கூடவே நடந்தான். ஒரு இடத்திலும் அறுபடவில்லை. அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஒன்பதே காலுக்கு பேக்கரி முனை. காபி இடைவேளை தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது; ஒரு நாளும் அவள் அதைத் தவறவிட்டதில்லை. இன்று பேக்கரிப் பக்கம் திரும்பாமல் நேரே போனாள். கற்றை மட்டும் சமர்த்தாக பேக்கரி வாசலுக்குத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது. இணைப்பு அறுந்தது.

"ஐலா, காபி குடிக்கலயா?" பதறிப்போனான் வெர்னெரி. "உடம்பு சரியில்லயா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு! உன் மென்பொருள் எங்க நிக்குது பாரு. அது ஊரைப் படிக்கல, என்னைப் படிச்சு வச்சிருக்கு. ஏலக்காய் பன்னு வாங்கற நேரம் உட்பட!"

சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. பதினோரு வருடத்தில் ஒரு நாளாவது வேறு தெருவில் போயிருக்கக் கூடாதா?

வெர்னெரி திரையைத் தட்டிப் பழைய அளவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினான். "நீ சொன்னது சரி," என்றான் கடைசியில். அவள் அதைக் காதில் வாங்கிச் சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டான். "அப்ப உன் நடை இனிமே உதவாது. குழந்தைங்க, கிழவங்க, குடிச்சிட்டுத் தள்ளாடறவங்கன்னு வேற வேற நடை வேணும். புதுசா நாலு பேரை எடுக்கணும்."

"அடப்பாவி! வாயைத் திறந்து நானே என் வேலைக்கு உலை வச்சுக்கிட்டேனா?"

ஐலா வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். பாதையை விட்டு வெட்டித் திருப்பி, கரைச் சரிவில் தடதடவென்று இறங்கி, உறைந்து கிடந்த ஆற்றின் மேல் வந்து சேர்ந்தாள். வலது பக்கம் உந்தினாள், நின்றாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், வந்த வழியே பாதி தூரம் திரும்பி வந்து மறுபடி இடப்பக்கம் பாய்ந்தாள். கற்றை அறுபத்துநாலு திசையும் அவளைத் தேடி அலைந்தது.

"ஐலா! எங்க போற?" திரையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வழுக்கி வழுக்கி ஓடினான் வெர்னெரி.

"நாலு பேர் நடைதானே வேணும்? நானே நடந்து காட்டறேன், எழுதிக்கோ!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள். "எங்க போறேன்னு எனக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சாத்தான் உன் கற்றைக்கும் தெரிஞ்சுபோகுதே!"